தவளையைக் கொல்லாதே

அசாஹிகாவா. இரவு ஒன்றரை. மைனஸ் பத்தொன்பது.
பனி தள்ளும் வண்டிகள் மூன்றும்
கொட்டகையில் சொட்டிக்கொண்டிருக்கின்றன.
அழைப்பு வரும்வரை எங்களுக்கு
ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
குமகாயின் மகன் வேண்டாமென்று போட்ட கேம் பெட்டி,
அவ்வப்போது பச்சையாகி மீளும் டிவி.

சதுப்பின் நடுவே எங்கள் நால்வர்.
வாள்காரனுக்கு விஷம்.
பெயருக்குப் பக்கத்தில் ஊதாக் குமிழி
பொங்கிப் பொங்கி அடங்குகிறது.
மிச்சம் பதினோரு உயிர்.
ஓர் அடிக்கு ஓர் உயிர்.
ஊர் பதினான்கு அடி.

விஷமுறிவு மந்திரம்
வெள்ளங்கிக்காரிக்குத் தெரியும்.
அவளுக்கோ வாய்க்கட்டு.
கட்டை அவிழ்க்கவும் மந்திரம் உண்டு,
அதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.
இந்த விதியை எழுதியவன்
எந்த அலுவலகத்தில்
எத்தனை நாள் அலைக்கழிக்கப்பட்டானோ.

மூலிகைப் பையைத் திறந்தோம்.
காலி.
தொண்ணூற்றொன்பது இருந்தன.
மூன்று குளிர்காலமாகக் குமகாய் சேர்த்தவை.
காய்ச்சல், குருடு, கல்லாய்ச் சமைதல்
எது வந்தாலும் ஒன்றைத் தொட விடமாட்டார்,
"பெரிய சண்டைக்கு" என்பார்.
ஒரிஹாரா அடுப்பின் திரியையே பார்த்தான்.
எல்லாவற்றையும் விற்று
கொம்பு வைத்த தலைக்கவசம் ஒன்று வாங்கியிருக்கிறான்.
"அழகாக இருந்தது."

குமகாய் திட்டவில்லை.
ஷிப்ட் தாளின் பின்புறம் கணக்குப் போட்டார்.
நின்றால் விஷம் ஏறாது, நடந்தால்தான்.
சண்டை மூண்டால் அடிக்கணக்கு நிற்கும்.
சண்டையில் நாலு சுற்று தாண்டினால்
வாய்க்கட்டு தானே அவிழும்.
ஆக, நமக்கு இப்போது வேண்டியது
ஓர் எதிரி.
"சோம்பேறியாக ஒன்று. பத்து அடிக்குள்."

அப்போதுதான் ரேடியோ கரகரத்தது.
வாள்காரனைச் சேற்றில் அப்படியே நிறுத்திவிட்டு
கையுறை மாட்டினோம்.
முப்பத்தொன்பதாம் சாலையில் மூன்று மணி நேரம்.
தள்ளத் தள்ளப் பின்னாலேயே விழும் பனி.
கண்ணாடியில் ஒரிஹாராவின் ஆரஞ்சு விளக்கு
தள்ளித் தள்ளியே வந்தது.

திரும்பியபோது ஐந்தேகால்.
பதினொன்றிலேயே நிற்கிறான்.

ஓர் அடி. பத்து.
இன்னோர் அடி.
மற்ற நாட்களில் மூன்று எட்டு வைப்பதற்குள்
பாயும், கடிக்கும், காறித் துப்பும் சதுப்பு,
இன்று ஈ காக்கை இல்லை.
ஏழு.
"வாடா" என்றான் ஒரிஹாரா திரையிடம்,
கடன்காரனைக் கூப்பிடுவதுபோல.
ஐந்து. நாலு.
மூன்றில் திரை வெட்டியது.

தவளை.
ஒரே ஒரு தவளை.

"கொல்லாதே!"
மூவரும் ஒரே குரலில்.
கோடரிக்காரன் கேடயத்தைத் தூக்கினான்,
எல்லாரும் தூக்கினார்கள்.
ஒரு வெட்டுக்குத் தாங்காத பிராணி
எங்கள் நால்வரையும் அடித்தது, அடித்தது.
நாக்கு ஒருமுறை வாள்காரனைத் தொட்டது. இரண்டு.
அடுத்தது தவறியது.
மூன்றாவது யார் மேல் பட்டதென்று
நான் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன்.
நாலாவதில்
அவள் பெயரருகே இருந்த பூட்டு கழன்றது.

சொன்னாள்.
ஊதாக் குமிழி ஒருமுறை பொங்கி
உடைந்துபோனது.

ஒரிஹாராவின் கட்டைவிரல் வாள் பொத்தானில்.
"தவளைக்கு எட்டுக் காசு. ஒரு மூலிகை வாங்கலாம்."
குமகாய் கையிலிருந்து வாங்கி
'ஓடு' என்பதை அழுத்தினார்.
தவளை விடவில்லை.
மறுபடி அழுத்தினார்.

ஊர் சேர்ந்த பிறகு
அந்தக் கவசம் யார் தலையில் என்று கேட்டேன்.
வெள்ளங்கிக்காரி தலையில்.
குமகாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி
அதன் கீழிருந்த பொடி எழுத்தை
முதன்முறையாக வாசித்தார்:
அணிபவருக்கு வாய்க்கட்டு எளிதில் பற்றும்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
வெளியே மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது.
"ஆனால்," என்றார் குமகாய் கொஞ்சம் கழித்து,
"அழகாகத்தான் இருக்கிறது."